வெறுங்கையோடு வாருங்கள்

பதுளை,
24.7.1960

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. என் சுகத்தை விசாரித்திருந்தீர்கள். ஜெயலெட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு ஐந்து நாள். நேற்று ஒரு கோப்பைக் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தாள். இப்போதைக்கு என் சுகம் அதுதான். இவர் வழக்கம்போலக் கச்சேரி வேலைக்குப் போய் வருகிறார். மழையைக் காணோம். காற்று மட்டும் கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறது.

ஞானத்துக்கு ஆவணியில் கலியாண நாள் வைத்தது மிகுந்த சந்தோஷம். மாப்பிள்ளை நல்ல குணம் என்று எழுதியிருந்தீர்கள். அவளுடைய பொறுமைக்கு அப்படித்தான் அமைய வேண்டும்.

அந்தச் சந்தோஷத்துக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததை மூன்று தரம் வாசித்தேன். யாரோ ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காக, இரண்டு பிடி மாவுக்காக, உங்கள் மனைவியைக் கள்ளியைப் போல ரயில் ஏற்றி அனுப்பினேன் என்றும், மச்சாளுக்கு ஒரு வரி மன்னிப்பு எழுதினால்தான் கலியாண வீட்டில் எனக்கு இடம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, அந்த ஒரு வரியை நான் எழுதப் போவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன். வாசித்த பிறகு உங்கள் விருப்பம்.

ஜெயலெட்சுமி பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளை. ஏழு வயது. இரண்டு வருடத்துக்கு முன் நான் முதலில் அவளை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கை கால் ஈர்க்குச்சி, வயிறு மட்டும் பானை. தோட்டத்தில் அரிசியோடு கோதுமை மாவும் பங்காகக் கொடுக்கிறார்கள். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓடுகிற தாய் பிள்ளைக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டுத்தான் ஓடுவாள். பிள்ளை அதைத் தின்றுதான் தேய்ந்துகொண்டிருந்தாள். சீமையில் படித்து வந்த டொக்டர் இரகுநாதன்தான் அதைக் கண்டுபிடித்தார். சில பிள்ளைகளின் குடலுக்குக் கோதுமை ஆகாதாம். ஒல்லாந்து தேசத்தில் யுத்தப் பஞ்சத்தில் கோதுமைப் பாண் கிடைக்காமல் போன மாதங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகள் தேறினார்களாம். பாண் திரும்பி வந்ததும் மறுபடியும் விழுந்தார்களாம். நகக்கண்ணில் ஒட்டியிருக்கிற மா போதும் என்றார்.

சோறு கொடுத்தால் தீர்ந்ததே, பேக்கரி எதற்கு என்று நீங்கள் அப்போதே கேட்டீர்கள். அந்த ஆஸ்பத்திரி வாட்டில் பக்கத்துக் கட்டில் பிள்ளை பாண் தின்றபோது ஜெயலெட்சுமி அழவில்லை. அந்தப் பிள்ளை தூங்கும்வரை காத்திருந்து, தலையணைக்குக் கீழே இருந்த துண்டைத் திருடித் தின்றாள். அன்றைக்கு முடிவு செய்தேன். இவள் திருடாமல் தின்னக்கூடிய ஒரு பாணை நான் செய்வேன் என்று. பள்ளிக்கூட வேலையை விட்டேன். பின்கட்டில் பாண் சுடச் சின்னப் போறணை கட்டினேன். ஜெயலெட்சுமி எங்களோடு தங்கி இங்கே படிக்கிறாள். தாய் ஞாயிறுதோறும் பஸ்ஸில் வந்து பார்த்துப் போகிறாள்.

அந்தப் பாண் இலகுவில் வரவில்லை. பசாரில் இருக்கிற மில்லுக்கு அரிசி கொடுக்க முடியாது. எங்கள் அரிசிக்கு முன்னால் யாருடைய கோதுமை அரைபட்டது என்று மில்காரருக்கே தெரியாது. ஆகவே திரிகை வாங்கினேன். மாச்சாக்குத் துணியில் வடிகட்டுகிற பழக்கத்தை விட்டேன். டின்னில் வருகிற பேக்கிங் பவுடரில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதியிருப்பதில்லை, அதையும் விட்டேன். மா பொங்குவதற்குக் கித்துல் கள்ளு வாங்கப் போய், டீச்சர் குடிக்கத் தொடங்கிவிட்டா என்று தெருவில் ஒரு மாதம் கதைத்தார்கள். பலசரக்குக் கடை மர்ஸூக் நானாவின் மகள் மர்லியாவுக்கும் இதே வியாதி. கள்ளு அவர்கள் மார்க்கத்துக்கு ஆகாது என்பதால் அவளுடைய பங்குக்கு இளநீரைப் புளிக்க வைக்கிறேன். கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்த்துப் பிசைகிறார்கள் என்று அந்த நானாதான் சொன்னார். நாற்பத்துநான்கு வருடம் ரசம் குடித்தும் எனக்குத் தெரியாது.

வாசலில் ஒரு பலகை மாட்டினேன்: இங்கே கோதுமை இல்லை, கொண்டும் வராதீர்கள். அதைப் பார்த்த மர்ஸூக் நானா, “மத்த பேக்கரியில என்ன ஈக்கிதுண்டு போட் போடுவாங்க டீச்சர், நீங்க என்ன இல்லண்டு போட் போட்டீக்கிறீங்க” என்று சிரித்தார். ஊரில் இதற்குப் பாண் இல்லாத பேக்கரி என்று பெயர். உங்கள் மைத்துனர் எதிர்க்கடையில் பாணும் சம்பலும் சாப்பிட்டு, வாசல் படலையடியில் வாய் கொப்பளித்துக் கை கழுவிய பிறகுதான் உள்ளே வருவார். கச்சேரியில் அவரைக் கேலி செய்கிறார்களாம். என்னிடம் அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

இனி மச்சாளுடைய விஷயம். ஆனி மாதம் பத்து நாள் இருந்துவிட்டுப் போக வந்தார். நான் மனதார வரவேற்றேன். என் பாணைப் பார்த்து அவருக்குப் பரிதாபம் வந்தது. உண்மையில் அது பரிதாபத்துக்குரிய பாண்தான். வெட்டினால் உதிரும், மறுநாள் கல்லாகும். மா வைக்க நல்ல பாத்திரம் இல்லை என்றும் குறைப்பட்டார். நீங்கள் எங்கள் மலருக்குக் கொழும்பிலிருந்து அனுப்பிய பிஸ்கட் டின்கள் பதினொன்று அலுமாரியின் மேல் இருக்கின்றன. காற்றுப் புகாத நல்ல டின்கள் சும்மா கிடக்கின்றனவே, இறக்கித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அந்தக் கிழமை என் பாண் திடீரென்று மெதுமையாக வந்தது. கேளுங்கள் அண்ணா, என் பிழை இங்கேதான் இருக்கிறது. ஏன் மெதுமையாக வந்தது என்று நான் கேட்கவில்லை. இவரைக் கூப்பிட்டு ஒரு துண்டைக் கையில் கொடுத்து, இரண்டு வருடத்துக்குப் பிறகு பக்குவம் பிடிபட்டுவிட்டது என்றேன். நான்கு நாள் அந்தப் பெருமையில் திரிந்தேன். ஜெயலெட்சுமி இரண்டு துண்டுக்கு மேல் ஒரு துண்டு கேட்டாள். நானே வெட்டிக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் அவளுக்கு வயிற்றாலே போகத் தொடங்கியது. நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்குள் கோதுமை வரவில்லை என்று முருகன்மேல் சத்தியம் செய்தேன். அப்படியானால் யார் கொடுத்தது? ஞாயிற்றுக்கிழமை தாய் வந்து போனாள். வாட்டில் எல்லோரும் பார்த்திருக்க அவளைப் பிடித்துக் கேட்டேன். லயத்து வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவந்து ஒளித்துக் கொடுத்தாயா, பெற்ற பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டேன். “நான் குடுக்கலிங்கம்மா. குடுத்தேன்னு நீங்க சொன்னா அப்புடியே இருக்கட்டும். புள்ள பொழச்சாப் போதுங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து அதை மச்சாளிடம் சொல்லிப் பொருமினேன். அவர் சிரித்தார். “கமலா, என்ன புதினம் கதைக்கிறீர்? நான்தான் ரெண்டு பிடி மா கலந்தனான். பச்சை மாவே? நல்லா அவிச்சு அரிச்ச மா. அவிச்சாப் பிறகு அதிலை என்ன கிடக்கு? பிள்ளை உம்மடை பாணைக் கடிக்கப்பட்ட பாட்டைப் பார்த்து மனம் பொறுக்கேல்லை” என்றார். இடியப்ப மாவுக்கு நம் வீடுகளில் எல்லோரும் அப்படித்தானே கலக்கிறோம். கொழும்பிலிருந்தே கோதுமை மாவை அவித்துக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு நாள் விடியவும் எனக்கு முன்னால் எழுந்து கலந்திருக்கிறார். அன்பில் செய்ததுதான். அதை நான் அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கவில்லை.

அதற்காக ரயில் ஏற்றவில்லை. இனிமேல் வேண்டாம் மச்சாள் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அப்போது அவர், “உதெல்லாம் டொக்டர்மார் வெருட்டுறது. ஒவ்வொரு பிடியாப் பழக்கினால் வயிறு தன்ரைபாட்டிலை பழகும். நீர் பேசாமல் இரும், நான் பழக்கிக் காட்டுறன்” என்றார். அதற்குத்தான் ரயில் ஏற்றினேன். அன்பினால் மறுபடியும் செய்யப்போகிறவரை அந்தச் சமையலறையில் ஒரு இரவு கூட வைத்திருக்க எனக்குத் துணிவில்லை. மாவை எல்லாம் கொட்டினேன். மாப் பிசைகிற மரத்தொட்டியை எரித்தேன். சட்டிகளை உடைத்தேன். அயலவர்கள் வேலியடியில் நின்று பார்த்தார்கள். மச்சாளை அவமானப்படுத்த உடைத்தேன் என்று அவர் நினைத்திருக்கிறார். மண் சட்டியின் நுண்துவாரங்களுக்குள் போன மாவைக் கழுவி எடுக்க முடியாது, அதனால் உடைத்தேன்.

அந்தக் கிழமை மர்லியா வெலிமடையில் பெரியம்மா வீட்டில் நின்றாள். இல்லாவிட்டால் இரண்டு கட்டில் தேவைப்பட்டிருக்கும். அவளுடைய தாய் நளீரா அதற்காக நோன்பு பிடித்தார்.

மன்னிப்பு என்று எழுதியிருந்தீர்கள். நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருந்தது, கேட்டுவிட்டேன். நாலு பேர் முன்னால் பழி சொன்னேன் என்பதால் நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும் என்று பூனாகலைக்குப் போனேன். லயத்து வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். ஜெயலெட்சுமியின் தாய் பதறிப்போய், “அய்யோ டீச்சரம்மா, அப்புடியெல்லாம் சொல்லாதீங்க, உக்காருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்” என்று உள்ளே ஓடினாள். பக்கத்துக் காம்பிரா வீட்டுப் பெண் ஒருத்தி, “டீச்சரம்மாவே வந்து மன்னிப்புக் கேக்குறாக. தொரையும் ஒரு நாளு வந்து கேட்டுட்டார்னா மழ கொட்டோ கொட்டுன்னு கொட்டிரும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தத் தேநீரைக் குடித்து முடிக்க எனக்கு நிறைய நேரம் எடுத்தது.

யாரோ ஒரு தோட்டத்துப் பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், ஜெயலெட்சுமிக்கு என்ன வியாதி என்று விளக்கிய அன்று, டொக்டர் இரகுநாதன் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். இப்படி வயிறு வீங்கி மெலிந்த பிள்ளையை முன்பு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்றார். பார்த்திருக்கிறேன் என்றேன். எந்த வருடம் என்றார். நாற்பத்தொன்பது என்றேன். அப்போது என்ன கொடுக்கச் சொன்னார்கள் என்றார். சோறு செமிக்காது, பாணும் ரஸ்கும் பிஸ்கட்டும் மட்டும் கொடுங்கள் என்றார்கள் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் காலத்தில் உலகத்தில் யாருக்கும் தெரியாது மிஸிஸ், என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நான் பெற்ற மலருக்கு அப்போது நாலு வயது; ஐந்தாவது வயதை அவள் காணவில்லை. பாலில் ஊறவைத்து ஊட்டியது இந்தக் கை. வேறு ஒருவருடைய கையும் இல்லை. இதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகையால் மச்சாளிடம் சொல்லுங்கள். ஊர் சிரித்தாலும், கலியாணப் பந்தலில் எனக்குப் பாய் விரிக்காவிட்டாலும், இந்த வாசலுக்குள் கோதுமை வராது. இரண்டு பிடியும் வராது, இரண்டு மணியும் வராது. நான் இருக்கும்வரை அந்தப் பலகையும் இருக்கும்.

ஞானத்தின் கலியாணத்துக்கு அழைப்பு வந்தால் வருவேன். வராவிட்டால் அன்று காலை இங்கே கோயிலில் அவர்கள் பெயருக்கு அர்ச்சனை செய்வேன். அவளுக்கென்று வாங்கிய சேலை தபாலில் வரும். அத்தையின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு என்று அவளிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, அண்ணா. கலியாணம் முடிந்த பிறகு மச்சாளையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை பதுளைக்கு வாருங்கள். அவர் வந்தால் என் கையாலே அப்பம் சுட்டு, முதல் அப்பத்தை அவருக்கு வைப்பேன். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று அம்மா நமக்குப் பழக்கியது உங்களை விடாது என்று எனக்குத் தெரியும். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் கால் தானாக அந்தப் பிஸ்கட் கடைக்குப் போகும். போக வேண்டாம். இந்த முறை கையை வீசிக்கொண்டு வாருங்கள். மலரைப் போலவே ஜெயலெட்சுமியும் படலைக்கு ஓடி வருவாள். வருகிறவர்களிடம் என்ன கொண்டாந்தீங்க என்று கேட்கிற பழக்கம் அவளுக்கும் இருக்கிறது. ஒன்றுமில்லையே என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுங்கள். அந்தக் கைகளைப் பற்றி எனக்கு ஒருநாளும் ஒரு குறையும் இருந்ததில்லை, அண்ணா.

உங்கள் அன்புத் தங்கை,
கமலாம்பிகை