உட்கார்ந்து செய்யும் வேலையை விட்டேன்

அன்புள்ள மனைவிக்கு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம். இதை நானே எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் மனசு துள்ளுகிறது.

ஒரு சின்ன விஷயம். சலவைக்கூடத்தில் என் கூட்டாளிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஈரத் துணி தூக்க முடியாவிட்டால் ஊருக்குப் போ என்றார் மேஸ்திரி. உட்கார்ந்து துணி மடிக்கிற என் வேலையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, ஈரத் துணி தூக்க நான் போய்விட்டேன்.

“பெருசு, இந்த வயசுல எதுக்கு வம்பு?” என்றார் மேஸ்திரி. “ விழுந்தா யாரு தூக்குறது?”

“வெள்ளத்துல கூரை மேல தவிச்ச என்னையும் என் பொண்டாட்டியையும் தூக்கினவரு இருக்காருங்க. எனக்காகச் சிலுவை சுமந்தவருக்கு நான் பெட்ஷீட் சுமக்கக் கூடாதா? ஊருக்கு அனுப்புறதுன்னா என்னை அனுப்புங்க.”

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு போனார்.

வெள்ளத்திலிருந்து கரையேறிய அன்று நீ பாடிய பாட்டை மருமகளை எழுதச் சொல்லி அனுப்பு. தனியாகப் பாடினால் பாதியில் மறந்துபோகிறது. தோளுக்குத் தைலமும் அனுப்பு. கூட்டாளியின் முதுகுக்கும் சேர்த்து இரண்டு புட்டி.

நீ திட்டுவாய். திட்டிக்கொள். பழைய வேலைக்கு நான் திரும்ப மாட்டேன். மணி அடித்துவிட்டது, துணி வந்திருக்கும்.

உன் வீட்டுக்காரர்