புயல் பார்க்கப் போன அண்ணனுக்கு

என் காற்றுப் பைத்தியமே, அண்ணா,

நான் புயலைப் பார்த்துவிட்டேன்! தலை இன்னும் ஈரம், அதற்குள் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

புயல் எச்சரிக்கை வந்தால் ஊரே பாலும் மெழுகுவத்தியும் வாங்க ஓடும். நீ மட்டும் பைக்குக்குப் பெட்ரோல் போட ஓடுவாய். அப்படிப் போன ஒரு நாளில்தான் மரம் விழுந்து உன்னைக் கொண்டுபோனது. மூன்று மழைக்காலமாக எனக்கு உன்மேல் கோபம். எங்களைவிட அந்தக் காற்றில் உனக்கு அப்படி என்ன கிடைத்தது? அதைத் தெரிந்துகொள்ளாமல் கோபம் தீராது என்று தோன்றியது.

அதனால் இன்று மதியம், கடைக்குப் போவதாக அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, செம்பரம்பாக்கம் ஏரிக்கு ஸ்கூட்டியை விட்டேன். உன்னோடு புயல் பார்க்கச் சுற்றிய கூட்டாளி பாஸ்கர் அங்கே ரெயின்கோட்டோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

“இன்னாம்மா, நீ இங்க இன்னா பண்றே? ஊட்டுக்குப் போ!”

“பயமாத்தான் கீதுண்ணா. ஆனா போவ மனசு வரல.”

சிரித்துவிட்டார். “அதுக்குத்தாம்மா வர்றோம். வாரம் பூரா கம்பெனில ஒரே மிஷின் முன்னாடி நின்னுகினு கீறோம். இங்க வந்தாத்தான் உசுரோட கீறோம்னே தெரியுது.”

அப்போது அடித்தது பார் ஒரு காற்று! ஏரித் தண்ணீர் கடல் மாதிரி எழும்பியது. துப்பட்டா பறந்தே போய்விட்டது. பயம் எப்போது சிரிப்பாக மாறியது என்றே தெரியவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். வீடு, வேலை, ஏன், நீ இல்லாததுகூட அந்த நேரம் நினைவில் இல்லை. இதை ஒரு தடவையாவது எனக்குக் காட்டியிருக்கக் கூடாதா?

அம்மா போன் செய்தாள். “எங்கடி கீற? காத்து இன்னா சத்தம் போடுது!”

“இன்னும் அஞ்சே நிமிசம்மா, வந்துர்றேன்.”

அந்தப் பக்கம் அம்மா விசும்புவது கேட்டது. கடைசியாக நீ அவளிடம் போனில் சொன்னதும் இதேதான். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ எங்களை விட்டுப் போக நினைக்கவே இல்லை, இல்லையா? வந்துவிடலாம் என்றுதானே நின்றாய்?

உடனே வண்டியைத் திருப்பினேன். வாசலில் மழையிலேயே நின்றிருந்த அம்மா, முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை.

அடுத்த புயலுக்கும் போவேன் அண்ணா, சொல்லிவிட்டே போவேன். ஆனால் அம்மா கூப்பிட்டால் அந்த நொடியே திரும்புவேன். உனக்கும் சேர்த்து நான் வீடு வந்து சேருவேன்.

உன்மேல் இனிக் கோபமில்லாத
உன் தங்கை,
கலா
நெமிலிச்சேரி