நீங்கள் துவட்டிய தலைகள்

அலுமாரியைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்தத் துவாயின் ஒரு மூலைதான். மற்ற மூலைகள் தடிப்பாக இருக்க, அது மட்டும் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. நீங்கள் பிடிக்கும் மூலை, அம்மா. முகத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் மணம் இல்லை. பூச்சி உருண்டை மணந்தது. எத்தனை பொடியன்களின் தலையைத் துவட்டிய துவாய் இது! என்னுடையதை ஒருநாளும் துவட்டியதில்லை.

நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டுக்காரர் வந்து தங்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் ஒழுங்கையில் இருந்த பொடியன்களின் கையிலும் கஞ்சாப் பீடி புழங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டு ஹாஜரா மாமியின் மகன் நிசாம், கரையில் கவிழ்த்திருந்த தோணியடியில் எழும்ப முடியாமல் கிடந்தான். தூக்கி வந்ததும் அவனுடைய வாப்பா இடுப்புவாரைக் கழற்றினார். நீங்கள் வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்றீர்கள்.

"வாரைக் கட்டுங்கோ நானா. அடிச்சால் நாளைக்கு இன்னும் தூரமாப் போய்ப் பீடி பத்துவான்."

மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஒவ்வொரு நாளும் நான்தானே தங்கச்சி இவன்ட தலையத் துவட்டிவிடுறன். ஒரு நாத்தமும் எனக்குத் தெரியல்லையே!"

நீங்கள் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பிறகு சொன்னீர்கள்: "பெத்தவளிட மூக்கு பொய் சொல்லும், ராத்தா. உங்கட பிள்ளையை நான் மணந்து பாக்கிறன். என்ர பிள்ளையை நீங்கள் பாருங்கோ."

அப்படித்தான் அது தொடங்கியது. கடலில் எவ்வளவு முழுகினாலும் அந்தப் புகை தலைமயிரை விட்டு லேசில் போகாது. கடலில் குளித்துவிட்டு வரும் எந்தப் பொடியனும் தன் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் வேறொரு தாயிடம் தலையைக் கொடுக்க வேண்டும். வேறு சில வீடுகளும் சேர்ந்துகொண்டன. அப்பாவும் நிசாமின் வாப்பாவும் பின்னேரங்களில் தூண்டிலோடு கடற்கரையில் போய்க் குந்தினார்கள். ஒரு மீனும் வீட்டுக்கு வரவில்லை. "அப்பா, தூண்டிலில இரை குத்துறதில்லையோ?" என்று அண்ணன் நக்கலடிப்பான். "பிடிக்க வந்த மீன் எங்களுக்கு முன்னால நீந்துது, நீ பேசாமல் குளி" என்பார் அப்பா.

எட்டாம் வகுப்போடு நான் நின்றதும் அந்த வருடம்தான். உங்களுக்கு மூச்சு முட்டத் தொடங்கியிருந்தது. அடுப்பு என் பொறுப்பு. குசினி யன்னலுக்குள்ளால் எல்லாம் தெரியும். முற்றத்தில் நிசாம் குனிந்து நிற்பான். அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு அவன் உச்சியில் மூக்கை வைப்பீர்கள்.

"என்ன மாமி, சோப்பு மணக்குதா?"

"ஓம், நல்லா மணக்குது. ஏன்டா இண்டைக்கு மட்டும் இவ்வளவு சோப்பு போட்டனி?"

முற்றமே சிரிக்கும். சிரித்துச் சிரித்தே உண்மையைப் பிடுங்கிவிடுவீர்கள். பிறகு அவனுக்குச் சோறு போடச் சொல்வீர்கள். போட்டவள் நான். அவனுடைய சோற்றுக் கோப்பையில் மீன் துண்டைச் சிறியதாகப் பார்த்து வைத்தவளும் நான்தான்.

ஒருநாள் தலை முழுகிவிட்டு வந்து உங்கள் முன்னால் நின்றேன். கேட்கவே வெட்கமாக இருந்தது. "அம்மா, என்ர தலையும் ஈரம்."

"உனக்கென்னடி? நீ வீட்டோட நிக்கிற பிள்ளை. உன்னில எனக்கொரு பயமும் இல்லை."

புகழ்ந்துதான் சொன்னீர்கள். ஆனால், நீங்கள் பயப்படுகிற பிள்ளையாக நான் இருக்கக் கூடாதா என்று அன்றைக்கு எனக்குள் எரிந்தது. கெட்டுப் போகக்கூடியவனுக்குத்தான் உங்கள் கை கிடைத்தது.

பிறகு ஹாஜரா மாமி அண்ணனின் தலையில் அந்த நாற்றத்தைப் பிடித்தார். வந்து சொன்னபோது, "இல்லை ராத்தா, அவன் அப்பிடிப்பட்ட பிள்ளை இல்லை" என்று உங்கள் வாயில் முதலில் வந்தது. மாமி உங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம்," என்றீர்கள் நீங்கள், மெதுவாக. "இதுக்குத்தானே மாத்தினனாங்கள்." அதன் பிறகு அண்ணன் பகல் முழுக்க மாமி வீட்டில். நிசாம் எங்கள் வீட்டில். இரண்டு பேரும் தேறினார்கள். உங்களுக்கு மூச்சு வாங்குவது மட்டும் கூடிக்கொண்டே போனது.

உங்களைச் சுடலைக்குக் கொண்டுபோன அன்று நிசாம் எங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். வந்தவர்கள் எல்லாரும் அவனைத் தேற்றினார்கள். நான் குசினிக்குள் இருந்தேன். அந்த அழுகையைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. என் அம்மாவுக்கு அவன் ஏன் என்னைவிடச் சத்தமாக அழ வேண்டும்?

இப்போது அப்பா கடற்கரைக்குப் போவதில்லை. கதிரையில் இருந்தபடி இருக்கிறார். தூண்டில் கூரையில் செருகியபடி கிடக்கிறது. நேற்று மாமி வேலியடியில் வந்து நின்றார். "மகள், உன்ட அண்ணன நான் பாக்கிறன். என்ட புள்ளய இனி யார் பாக்கிறது? இப்ப சுணங்கிச் சுணங்கி வாறான். என்ட மூக்க நான் நம்பமாட்டன்." எனக்குத்தான் கதைக்க வராதே, உங்களுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டேன். துவாய் என்னிடம்தான் இருந்தது. அதையாவது யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க ஆசைப்பட்டேன்.

இன்றைக்குப் பொழுது சாயும் நேரம் நிசாம் படலையடியில் வந்து நின்றான். யாரையும் கூப்பிடவில்லை. தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பழைய பழக்கம், அல்லது போக வேறு இடம் இல்லை. அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

நான் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். தேய்ந்த மூலையைப் பிடித்து, முதலில் என் தலையைத் துவட்டினேன். பிறகு அந்த ஈரத் துவாயைக் கொண்டுபோய் அப்பாவின் கையில் வைத்து, படலையடியில் நின்ற நிசாமைக் காட்டினேன்.