உச்சியில் காத்திருந்த மூன்று மணி நேரம்

சொராட்டா, பொலிவியா

அன்புள்ள ஃபிதேலா,

நீயும் மகள் யெனியும் சுகந்தானே? உன் முதுகுவலி குறைந்ததா? நான் நலம். கால்விரல் இரண்டு மட்டும் மரத்திருக்கின்றன, பயப்பட ஒன்றுமில்லை.

செவ்வாயன்று யெனியின் ஞானத்தகப்பன் அப்சலோனும் நானும் மலையுச்சியைத் தொட்டோம். அந்தச் சரிவில் இதுவரை யாரும் பனிச்சறுக்கில் இறங்கியதில்லை; அதைப் படம் எடுக்கக் கேமராக்காரர்கள் அடிவாரத்தில் காத்திருந்தார்கள். உச்சியிலிருந்து இறங்கப் புறப்படும்போது, காலணியைச் சறுக்குப் பலகையோடு பிணைக்கும் என் பூட்டு உடைந்துவிட்டது.

"நீ இங்கயே இரு மாப்ள. மேல்முகாம்ல இருந்து வேற பூட்டு கொண்டாந்துடுறேன்" என்று சொல்லி, கயிற்றையும் எடுத்துக்கொண்டு அப்சலோன் சறுக்கிப் போனான்.

மூன்று மணி நேரம் காத்திருந்தேன். அவன் வரவில்லை. பிறகு பனிக்கோடரியைக் குத்திக் குத்தி, சரிவைப் பார்த்தபடியே பின்னோக்கி இறங்கினேன். அந்தியில் அடிவாரம் வந்து சேர்ந்தேன்.

என்னைக் கண்டதும் சமையல்கார வில்மா கரண்டியை நழுவவிட்டாள். "நீங்க பாதியிலயே பயந்து ஊருக்குத் திரும்பிட்டதா அவர் கேமராக்காரங்ககிட்ட சொன்னாரே!"

அப்சலோன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தனியா ஏறி இறங்குனவனைத்தான்டா படம் எடுப்பாங்க. உனக்கென்ன, உயிரோட வந்துட்டேல்ல?" என்றான்.

அடிக்கக் கை எழவில்லை. ஞானஸ்நானத்தன்று நம் குழந்தையை ஏந்தி நின்ற அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்பு. யெனியை ஒரு வரி எழுதச் சொல், பிழை இருந்தாலும் பரவாயில்லை.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், கடிதத்தை அவரிடம்தான் கொடுக்க வேண்டும். அப்சலோன் எனக்கு முன்பே ஊர் வந்துவிடுவான். காப்பி கொடு. நான் எப்படிக் கீழே வந்தேன் என்று மட்டும் அவனிடம் கேள். அவன் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுது.

உன்
தெயோடோசியோ