இரண்டு தடவை மணி அடிப்பேன்

கிருமாம்பாக்கம்,
தை மாதக் கடைசி ஞாயிறு

அன்பு மகள் ஆரோக்கிய ஜெனிபருக்கு அப்பா தாமஸ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் உன் அம்மா முழு நலம், நான் முக்கால் நலம். மீதி ஏன் குறைந்தது என்பது கீழே வரும்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "நல்லா இருக்கேன்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. மடித்து வைத்தாலும் உள்ளே நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். மாப்பிள்ளையிடம் கொடுக்காதே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பிள்ளை, பிரெஞ்சு மணிமணியாகப் பேசுவார், தமிழ் எழுத்தில் என்னைவிட மோசம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது நம் வாசலில் ஒரு பஸ்காரன் நீளமாக ஹாரன் அடித்தான். உன் பக்கம் சத்தமே இல்லாமல் போயிற்று. அன்றைக்கு நீ குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக மாப்பிள்ளை பிறகு சொன்னார். ரோட்டோர வீட்டில் ஹாரன் கேட்காத மூலை எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்தேன், இல்லை. அதனால்தான் காகிதம்.

நான் வண்டி ஓட்டிய காலத்தில் நம் ஸ்டாப்புக்கு முன்னால் இரண்டு தடவை ஹாரன் அடிப்பேன். நீ பள்ளிக்கூட யூனிபார்மோடு என் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாய். அத்தனை பஸ் போகிற கடலூர் ரோட்டில் என் ஹாரன் எது என்று உனக்கு மட்டும் தெரியும். அந்தப் பிள்ளைக்கு இப்போது அந்தச் சத்தமே ஆகவில்லை. உன் மேல் தப்பு ஒன்றுமில்லை. நீ கோடு போட்ட இடத்தில்தான் ரோட்டைக் கடந்தாய். நிற்க வேண்டிய கார் நிற்கவில்லை. எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் நீ வேலைக்குப் போவதில்லை, ரொட்டி வாங்கக்கூடக் கீழே இறங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை குறையாகச் சொல்லவில்லை. சொல்லும்போது அவர் குரலும் சரியாக இல்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். நான் பிரான்சுக்கு வருகிறேன். வந்து உன்னோடு அந்த ஏரியைச் சைக்கிளில் சுற்றப் போகிறேன்.

எந்த ஏரி என்று கேட்காதே. போன புதிதில் நீதான் சொன்னாய். "அப்பா, இங்க ஒரு ஏரி இருக்கு, நம்ம பாகூர் ஏரி மாதிரி. சுத்தி ஒரே காடு. கார எல்லாம் கேட்டுக்கு வெளியவே நிறுத்திடணும், உள்ள சைக்கிள்தான். எல கீழ வுழுற சத்தம்கூட கேக்குதுப்பா" என்றாய். நீலச் சைக்கிளில் உட்கார்ந்து நீ சிரிக்கிற படத்தை உன் அம்மா மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். உங்கள் குடியிருப்புக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாகப் போகிற சைக்கிள் பாதை நேராக அந்தக் காட்டுக்குள்தான் போகிறதாம். நடுவில் ஓர் இடத்தில்கூடக் கார் குறுக்கே வராதாம். மாப்பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன். ரூட் தெரியாமல் வண்டி எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஒரே ஒரு சிக்கல். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

சிரிக்காதே. சிரித்தாலும் நல்லதுதான், சிரி. காலமெல்லாம் பஸ் ஓட்டியவனுக்குச் சைக்கிள் தெரியாது என்பது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எட்டாவது முடித்ததும் கிளீனராகப் பஸ்ஸில் ஏறினேன், ஏறியவன் இறங்கவேயில்லை. வீட்டில் இருந்த சைக்கிள் உன் அம்மாவுடையது. கல்யாணமான புதிதில் ஞாயிறு பூசைக்கு என்னைக் கேரியரில் உட்கார வைத்து மிதித்தவள் அவள். யாராவது கேட்டால், டிரைவருக்கு லீவு நாளில் ரெஸ்ட் வேண்டாமா என்று சமாளிப்பேன்.

நேற்று பாடம் தொடங்கியது. சைக்கிள் உன் அம்மாவோடு பாகூர் ஏரிக்குப் போனது, நான் பின்னாலேயே பஸ்ஸில் போனேன். கரையில் கார் ஏறாத ஒரு துண்டு இருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பனைமரம். உன் அம்மா கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் விட்டாள், நான் பனைமரத்தைப் பிடித்தேன். முட்டி வீங்கியிருக்கிறது. முக்கால் நலம் என்றது இதைத்தான்.

பதில் போடு. போடாவிட்டாலும் வருவேன்.

உன் அப்பா,
தாமஸ்


கிருமாம்பாக்கம்,
மாசி, தவக்காலம் தொடங்கிய வாரம்

அன்பு மகள் ஜெனிக்கு,

போனில் நீ அனுப்பிய ஒரு வரி பதில் கிடைத்தது. "வேணாம்பா, நீ வராத. என்னால ஏரிக்கெல்லாம் வர முடியாது" என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவை வாசித்துக் காட்டச் சொல்லி இன்னொரு தடவை கேட்டேன். அப்போதும் அதையேதான் சொன்னது.

சரி, நீ வர வேண்டாம். நான் உன்னைக் கூட்டிப் போகிறேன் என்று வரவில்லை. நான் போகிறேன். முன்பின் தெரியாத ஊர், "போன்ழூர்" தவிர வேறு வார்த்தை தெரியாது, மீசை நரைத்த கிழவன் ஒருவன் சைக்கிளோடு காட்டுக்குள் போகப் போகிறான். அவனைத் தனியாக அனுப்பலாமா, கூடாதா என்று நீ யோசித்துக்கொள். எனக்கு அவசரமில்லை.

டிக்கெட்டை மாற்றலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். மாற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். விசா ஆபீசுக்குப் போய் வந்தேன். எதற்காகப் பிரான்ஸ் போகிறீர்கள் என்று அங்கே ஒரு பெண் கேட்டது. சைக்கிள் ஓட்ட என்றேன். அது என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மகளைப் பார்க்க என்று சேர்த்துக்கொண்டேன்.

பாடம் எந்த அளவில் இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நேராகப் போக வந்துவிட்டது. திரும்பத்தான் வரவில்லை. மதகுக்குப் பக்கத்தில் கரை வளைகிறது அல்லவா, அங்கே போன வியாழக்கிழமை கதை நடந்தது. பஸ்ஸை வளைவில் ஒடிக்கும்போது பின் சக்கரம் உள்ளே இழுக்கும், அதனால் முதலில் வெளிப்பக்கம் அகலமாக வாங்கித்தான் ஒடிக்க வேண்டும். என் கை முப்பது வருஷமாகச் செய்ததையே செய்தது. இடது பக்கம் திரும்ப வேண்டியவன் வலது பக்கம் அகலமாக வாங்கினேன். வாங்கிய இடத்தில் கரை இல்லை, ஏரிதான் இருந்தது.

இடுப்பளவுத் தண்ணீர். சைக்கிள் என் மேல், ஆகாயத்தாமரை என் தலை மேல். அந்த நேரம் பார்த்துக் கரையில் யார் வர வேண்டும்? என்னோடு கண்டக்டராக இருந்த அருள்முருகன். சர்க்கரை வந்ததிலிருந்து தினமும் அங்கே நடக்கிறானாம். ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு விரலை வாயில் வைத்து விசிலடித்து, "வர்லாம், வர்லாம், அப்டியே ரிவர்ஸ்ல வர்லாம்ணே! பின்னால கொக்கு நிக்குது, பாத்து!" என்றான். உன் அம்மா கரையில் உட்கார்ந்து அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கிட்டே வந்து பார்த்தேன், இரண்டும்தான்.

மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. இந்த வயதில் இது உனக்குத் தேவையா என்று பார்த்தவரெல்லாம் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு மகாலட்சுமி, "இன்னா மாமா, பைக், ஸ்கூட்டி எதுனா வாங்கிக் கத்துக்கலாம்ல? யாரு இப்ப போய் சைக்கிள் கத்துக்குறா?" என்றாள். அந்தக் காட்டுக்குள் ஸ்கூட்டியை விட மாட்டார்களம்மா என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

விழுந்ததில் ஒன்று கண்டுகொண்டேன். மறுநாள் அந்த வளைவுக்குப் போனதும் கால் தானாகத் தரையில் ஊன்றிக்கொண்டது. எவ்வளவு சொல்லியும் மிதிக்கவில்லை. சட்டை நனைந்ததற்கே எனக்கு இப்படி இருக்கிறது. அன்றைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வளைவைக் கடந்தேன். அடுத்த நாளும் தள்ளினேன். மூன்றாம் நாள் உன் அம்மா, "தள்ளிக்கினு போனாலும் அந்தாண்ட போயிட்டீங்க இல்ல, அது போதும்" என்றாள். நான்காம் நாள் ஏறி உட்கார்ந்துகொண்டு மிதித்தேன். அருள்முருகன் பின்னால் ஓடிவந்து "போலாம், ரைட்" என்று கத்தினான். போனேன்.

தவக்காலத்துக்குக் கறியை விட்டிருக்கிறேன். சைக்கிளை விடவில்லை.

உன் அப்பா,
தாமஸ்


கிருமாம்பாக்கம்,
பங்குனி

அன்பு மகள் ஜெனிக்கு,

விசா வந்துவிட்டது. இந்தக் காகிதம் உன் கைக்கு வரும்போது நான் பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன். வடகம் இருக்கும், கருவாடு இருக்காது. மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். உன் அம்மா வரவில்லை. அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன் என்று மாப்பிள்ளை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நான் வந்தன்னா அவளக் கட்டிப் புடிச்சிக்கினு அழுவேன், ரெண்டு பேரும் வூட்டுலயே குந்திக்குவோம். நீங்க போங்க. ஒங்களுக்குத்தான் வூட்டுல குந்தத் தெரியாது" என்று சொல்லிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

நேற்று காலை அந்தக் கரையில் கடைசி மதகு வரை போய்த் திரும்பினேன். உன் அம்மா மகாலட்சுமியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே வந்தாள். செயின் சுற்றுகிற சத்தம், பனை ஓலை உரசுகிற சத்தம், தண்ணீரில் நாமக்கோழி ஓடுகிற சத்தம். அவ்வளவுதான். இத்தனை காலம் எத்தனை ஆயிரம் பேரைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன், வண்டி ஓட்டும்போது ஒரு பறவை கத்தி என் காதில் விழுந்ததே இல்லை. எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. முந்த வேண்டியவரும் இல்லை. வழி விடு என்று கேட்பவரும் இல்லை. எதிரே ஒரு ஆட்டுக்குட்டி வந்தது. என் வலது கை தானாக ஹாரனைத் தேடியது. ஹாரன் இல்லை என்று தெரிந்ததும் நின்றேன். குட்டி தன் பாட்டுக்குப் போயிற்று. நின்றால் போதும், சத்தம் தேவையில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீ அங்கே முதலில் போன நாளில் சொன்னது இதுதானே? நான் அப்போது வண்டி எடுக்கிற அவசரத்தில் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டேன். நேற்றுதான் நீ சொன்னது புரிந்தது.

மதகு மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். உன் அம்மா, நான் ஓட்டி வந்த தன் சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நான் கேட்கவில்லை. துணியில் சுற்றி, பெட்டியில் வடகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். விமான நிலையத்தில் கேட்டால், பழைய டிரைவர், ஹாரன் இல்லாமல் வெளியூர் போகிற பழக்கமில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

எனக்கு ஒரு சைக்கிளை மாப்பிள்ளை பேசி வைத்திருக்கிறார். உன் நீலச் சைக்கிள் கீழ்த்தளத்தில் காற்று இல்லாமல் கிடக்கிறதாம். காற்று அடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அதற்குக் காற்று அடிக்க வேண்டியவர் அவர் இல்லை. நானும் இல்லை.

நான் வந்த மறுநாள் காலையில் அந்தப் பின்பக்கப் பாதையில் நிற்பேன். ரோட்டுப் பக்கம் இல்லை, வாய்க்கால் பக்கம். அந்தப் பக்கத்துப் படியில் இறங்கினால் ஒரு காரும் கண்ணில் படாது என்று மாப்பிள்ளையிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு படியாகப் பார்த்துவிட்டேன். உன் அம்மாவின் மணியை இரண்டு தடவை அடிப்பேன். அதிகம் அடிக்க மாட்டேன். நீ வரவில்லை என்றால் நான் மட்டும் ஏரியைச் சுற்றிவிட்டு வந்து, பார்த்ததையெல்லாம் உனக்குச் சொல்வேன். அடுத்த நாளும் நிற்பேன். அதற்கு அடுத்த நாளும் நிற்பேன். சைக்கிளில் ஏற வேண்டாம், தள்ளிக்கொண்டு வந்தால்கூடப் போதும். ஒரு வளைவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போகலாம், எனக்கு அது நன்றாகத் தெரியும்.

மாதா உன்னைக் கைப்பிடித்துக் கூட்டி வரட்டும். டிபன் கேரியர் வேண்டாம், கையை வீசிக்கொண்டே வா.

உன் வழியையே பார்த்திருக்கும் அப்பா,
டிரைவர் தாமஸ்