ஒரே அளவு முக்கோணங்கள்

பெங்களூர்,
1.7.1983

அன்புள்ள சீனியம்மாளுக்கு,

நம் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரச் சொன்னாய். வர முடியாது. எங்கள் கம்பெனியின் புது டிரான்ஸ்பார்மரில், கனத்த மின்கம்பி வெளியேறும் இடத்தில் இரும்புத் தொட்டி சூடாகிறது. இரும்புக்குள் எழும் சுழல்மின்னோட்டத்தால் வரும் சூடு. என் கணக்குப்படி எழுபது டிகிரி. சோதனைக்கூடத்தில் அளந்த பாதுஷா நூற்றுப்பத்து என்கிறார். நம் புளியங்குடிக்காரர்தான். அளந்ததுதான் தவறு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினெட்டாம் தேதி விசாரணை. அவர் வேலை போகலாம்.

“எக்கா, மூணு தடவ அளந்தாச்சு. நாலாவது தடவ நீங்களே வந்து நின்னு பாருங்க” என்றார். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

தொட்டியைத் தாளில் முக்கோணத் துண்டுகளாகப் பிரித்து, கம்ப்யூட்டரில் கணக்கிட்ட படம் இத்துடன். கல்லூரியில் என் கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பதே உனக்கு வேலை. இப்போதும் கண்டுபிடி.

ஆவுடை


சங்கரன்கோவில்,
6.7.1983

அன்புள்ள ஆவுடை,

ஏட்டி, கோலப்போட்டிக்கா படம் அனுப்பினாய்? எல்லாம் ஒரே அளவு முக்கோணம்! இரும்பில் அந்த மின்னோட்டம் மேல்தோலில் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். உன் முக்கோணமோ பத்து மில்லிமீட்டர். எல்லாவற்றையும் சிறிதாக்கினால் கம்ப்யூட்டர் தாங்காது என்பாய். வேண்டாம்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு தாளை இரண்டு பேர் திருத்துவோம். மதிப்பெண் ஒத்துப்போனால் கட்டி வைத்துவிடுவோம். வித்தியாசம் அதிகமானால் மட்டும் மூன்றாமவரிடம் போகும். அப்படிச் செய். அடுத்தடுத்த முக்கோணங்களின் விடைகளை ஒப்பிடு. முரண்படுகிற இடத்தை மட்டும் உடைத்து மறுபடி கணக்கிடு, முரண்பாடு அடங்கும்வரை. சரியாக வரும் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

அவர் கூப்பிட்டாரே, போய் நின்று பார்த்தாயா? அதை எழுதவில்லையே.

சீனி


பெங்களூர்,
15.7.1983

அன்புள்ள சீனி,

நீ சொன்னபடி முக்கோணங்களை ஆறு முறை உடைத்தேன். ஒவ்வொரு முறையும் கம்பியருகே மேல்தோல் மட்டும்தான் உடைந்தது. எழுபது, எண்பத்தெட்டு என்று ஏறி, கடைசி இரண்டு முறையும் நூற்றெட்டில் நின்றது.

பிறகு சோதனைக்கூடம் போய் பாதுஷா பக்கத்தில் நின்றேன். வெப்பமானியின் முள் நூற்றுப்பத்தைத் தொட்டது.

“தப்பு என்னுது” என்றேன்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. டீ குடிக்கியளா?” என்றார்.

எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டேன். விசாரணை இல்லை. நேற்று எட்டு மணி நேரம் தூங்கினேன்.

தபசுக்கு வருகிறேன். பாதுஷாவும் மனைவி ஆமினாளைப் பார்க்க ஊருக்கு வருகிறார். ஒரே ரயில்.

ஆவுடை


சங்கரன்கோவில்,
18.7.1983

ஆவுடை,

நம்பாமல் நானும் தோராயமாகக் கையால் போட்டுப் பார்த்தேன். நூற்றாறு வந்தது. இரண்டே வித்தியாசம், மூன்றாமவர் வேண்டாம்.

ரயில்வே ஸ்டேஷனில் நிற்பேன். வா.

சீனி