கடல் தாண்டப் போர் விமானம் பழகியது

ஜனவரி 11

ஹவாயிலிருந்து பெரிய அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ஒரு ஜாய்ஸ்டிக், கூடவே உலகப்போர் விமானச் சண்டை விளையாட்டு ஒன்று. மருமகன் கியோனியின் யோசனை. விமானம் ஓட்டத் தெரிந்துவிட்டால் விமானத்தில் ஏறும் பயம் போய்விடுமாம்.

மகள் ஜோலீன் போனில் பேசினாள். “அப்பா, ஜூன்ல உன் பேரப்பிள்ளை பொறந்துரும். கார்லயே வந்துரலாம்னு மட்டும் நினைக்காத. நடுவுல கடல் இருக்கு.”

“பயணிகள் விமானம் ஓட்டுற விளையாட்டு எதுவும் கிடைக்கலையாம்மா? எடுத்த எடுப்புல சண்டைக்கா போகணும்?”

“கேட்டேன். அதுல தூக்கம் வந்துருமாம்.”

என் மனைவி மார்விஸ் பக்கத்தில் நின்று, போனில் கேட்கும்படியாகப் பெருமூச்சு விட்டாள். “நான் எப்பவோ வந்திருப்பேன்டி. இந்த மனுஷனை விட்டுட்டு எப்படி வர்றது?”

நாற்பது வருடமாக இதைத்தான் சொல்கிறாள்.

ஜனவரி 12

செத்துப்போனேன். தரையிலேயே. ஓடுபாதையில் விமானம் தானாக இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் எண்ணெய் லாரியில் மோதியது. எதிரி இன்னும் அவன் ஊரைவிட்டே கிளம்பியிருக்கமாட்டான்.

ஜனவரி 19

மேலே ஏறிவிட்டேன். ஏறியதும் இன்னும் மேலே போகலாமே என்று ஸ்டிக்கை இழுத்தேன். மூக்கு வானத்தைப் பார்த்தது, வேகம் செத்தது, கல் மாதிரி கீழே வந்தேன். வாழ்நாள் முழுக்க டிராக்டர் ஓட்டியவன் நான். டிராக்டர் நின்றால் நிற்கும், அவ்வளவுதான். இது நின்றால் விழுகிறது.

எனக்கு இருந்த பயம் நியாயமானதுதான் என்று தெரிந்துகொண்டதே இதுவரை கண்ட பலன்.

பிப்ரவரி 2

இணையத்தில் இதை விளையாடுகிறவர்களின் படைப்பிரிவு ஒன்றில் சேர்த்துக்கொண்டார்கள். தலைவி கோரின், கனடாவில் லாரி ஓட்டுகிறவள். ஹெட்போனில் குரல் மட்டும்தான். முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“எல்டன், உன் வாலுல ஒருத்தன் ஒட்டிக்கிட்டு வர்றான். நீ எங்க பாத்துக்கிட்டு இருக்க?”

“கீழ வயலைப் பாத்தேன். இந்தக் குளிர்ல யாரோ பீட்ரூட் போட்டிருக்கான்.”

“அந்தப் பீட்ரூட்லதான் இப்ப விழப்போற.”

விழுந்தேன்.

மார்ச் 1

இன்று புரிந்தது: விழும்போது ஸ்டிக்கை இழுக்கக்கூடாது. மூக்கைக் கீழே தள்ளி, விழவிட்டு, வேகம் சேர்ந்த பிறகு மெல்ல நிமிர்த்த வேண்டும். கைக்கு இது பிடிக்கவே இல்லை. தரை எதிரே வரும்போது தரையை நோக்கித் தள்ளு என்றால் எந்தக் கை கேட்கும்?

பிறகு ஒருவனைச் சுட்டு வீழ்த்தினேன். அவன் பாராசூட் விரிகிறதா என்று பார்த்துக்கொண்டே சுற்றினேன்.

“கவலைப்படாத,” என்றாள் கோரின். “அவன் எந்த ஊர்லயோ உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டு உன்னைத் திட்டிக்கிட்டிருப்பான்.”

ஏப்ரல் 3

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். “டிக்கெட் போட்டுரு மார்விஸ். போகலாம்.”

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 9

டிக்கெட் போடவில்லை. சர்ச்சில் சூப் விருந்து இருக்கிறதாம். முழங்கால் வலிக்கிறதாம். நாயை யார் பார்த்துக்கொள்வார்கள் என்கிறாள். நாயைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துப் பண்ணைக்காரன் இருக்கிறான். முழங்கால்? நேற்று ஏணியில் ஏறிப் பரணைத் துடைத்தவள் யார்?

ஏப்ரல் 14

கொட்டகையிலிருந்து மதியம் வந்தேன். என் நாற்காலியில் மார்விஸ். கை ஸ்டிக்கின் மேல். திரையில் விமானம் ஓடுபாதையில் நிற்கிறது, எஞ்சின்கூடப் போடவில்லை. அவளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

“நகரவே இல்லையே,” என்றேன்.

“நகரலதான். அதுக்கே இப்படி இருக்கு.”

ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னாள். “எனக்கும் பயம்தான் எல்டன். எப்பவுமே. நீ பயப்படுற வரைக்கும் எனக்கு வசதியா இருந்துச்சு.”

நான் வெளியே போய் டிராக்டரில் உட்கார்ந்துகொண்டேன். — நாப்பது வருஷம். என் தம்பி அலாஸ்கால கல்யாணம் பண்ணப்போ போகாததுக்கு நான்தான் காரணம். காப்பிக் கடைல அத்தனை பேரும் சிரிச்சது என்னைப் பாத்து. இவ பக்கத்துல நின்னு தலையாட்டினா. பாவம் பொண்டாட்டின்னு அவளுக்குப் பேரு. எனக்கு?

ஏப்ரல் 15

மதியச் சாப்பாட்டைக் கொட்டகைக்கே எடுத்துப் போய்விட்டேன்.

ஏப்ரல் 17

இதையே திருப்பித் திருப்பி நினைத்தேன்: எனக்காவது வெளியே சொல்லிப் பயப்பட முடிந்தது. அவள் அதைக்கூட என்னிடம் இரவல் வாங்கியிருக்கிறாள்.

இன்னொரு ஜாய்ஸ்டிக் வாங்க லிங்கன் நகரத்துக்குப் போனேன்.

மே 6

மார்விஸ் படைப்பிரிவில் சேர்ந்துவிட்டாள். முழங்கால் வலியைக் காணோம். கண்ணில் படுவதையெல்லாம் சுடுகிறாள். இன்று சுட்டது என்னை.

“அது நம்ம ஆளு,” என்றாள் கோரின்.

“தெரியும்,” என்றாள் மார்விஸ்.

டிக்கெட் போட்டாயிற்று.

ஜூன் 1, ஹீலோ, ஹவாய்

வந்து சேர்ந்தோம். ஒமாஹா விமான நிலையத்தில் சக்கரம் தரையை விட்டதும் மார்விஸ் என் கையைப் பிடித்தாள். விரல் இன்னும் வலிக்கிறது. “இப்ப வலப்பக்கம் சாய்வான். சாய்ஞ்சதும் நிமிர்த்துவான். இந்தச் சத்தம் சக்கரத்தை உள்ள இழுக்குறது,” என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். சொன்னபடியே நடந்தது, விமானி நான் சொல்லித்தான் ஓட்டுகிறான் என்று அவள் நம்பியிருக்க வேண்டும்.

எனக்கு மட்டும் பயம் போனதா? கடல் மேல் குலுங்கியபோது இருக்கையின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அதில் ஒரு பொத்தான் இருந்திருக்கிறது. இருக்கை அப்படியே பின்னால் சாய்ந்து, பின்னாலிருந்த பெண்மணியின் தக்காளிச்சாறு அவர் மடியில். நிறைய மன்னிப்புக் கேட்டேன். சண்டை விமானங்களில் பின்னால் யாரும் சாறு குடிப்பதில்லை.

ஜூன் 8

பெண் குழந்தை. இரண்டு நாளாகிறது. பெயர் லேயானி. கத்தும்போது என் தம்பி முகம்.

இன்று சாப்பிடும்போது ஜோலீன் கேட்டாள், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடியே. கோபமாக இல்லை. “இவ்வளவுதானா? ஒரு நாள் பயணம். இத்தனை வருஷமா ஏம்மா வரல?”

மார்விஸ் மீனில் முள்ளெடுத்துக்கொண்டிருந்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது. வாயைத் திறந்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று தெரிந்தது.

“எனக்குப் பயம்மா,” என்றேன் நான். “உங்கம்மா பாவம், எத்தனை தடவை கூப்பிட்டா.”

கியோனிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “பாத்தீங்களா, ஜாய்ஸ்டிக் வேலை செஞ்சிருச்சு,” என்றான்.

“செஞ்சிருச்சு,” என்றேன்.

முள்ளெடுத்த மீனை மார்விஸ் முழுவதும் என் தட்டில் வைத்தாள். தனக்கென்று இன்னொன்றை எடுத்து, குனிந்த தலை நிமிராமல், முதலிலிருந்து முள் பொறுக்க ஆரம்பித்தாள்.